சிங்கக் கொடியின் கீழ்மூலை

பழைய பட்டு எதைக் கண்டாலும் வசில்காவின் மனதில் முதலில் எழும் கேள்வி, இதை யார் இப்படிப் பாழாக்கினார்கள் என்பதுதான். வெலிச்கோவோ ஊர் அருங்காட்சியகத்தில் அவள் தையற்காரி. பூச்சி அரித்தது, குண்டு துளைத்தது, மடித்த மடிப்பிலேயே இற்றுப்போனது என்று எந்தக் கொடி வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும்.

அவளுடைய கணவன் மிஞ்சோ பஸ் ஓட்டுபவன். "என் சட்டையில பொத்தான் போயி மூணு மாசமாச்சு. என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சாத்தான் தைப்ப போல" என்பான்.

"வெக்கிற அளவுக்கு நீ என்ன போர்ல ஜெயிச்ச?" என்பாள் அவள்.

முப்பது வயது வரை அவள் நூற்பாலையில் இருந்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமினால் நிற்காது. ஆலையை விட்டுவிடு என்றார் டாக்டர். விட்டால் சோற்றுக்கு என்ன வழி என்று அவர் சொல்லவில்லை. அப்போதுதான் அருங்காட்சியகத்தில் ஆள் தேவை என்றார்கள். அந்த அறையில் தூசி கிடையாது. வடக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம். ஒரு வருஷத்தில் இருமல் நின்றது. தன்னைப் பிழைக்கவைத்தவை இந்தக் கொடிகள்தான் என்று அவள் நம்பினாள். காலையில் அறையைத் திறந்ததும் அவற்றுக்கு வணக்கம் சொல்லுவாள், யாரும் பார்க்காதபோது.

அவற்றில் ஒன்று ஊர் ரெஜிமென்ட்டின் கொடி. கருஞ்சிவப்புப் பட்டு. நடுவில் பொன்னிழையில் வலது காலைத் தூக்கி நிற்கும் சிங்கம், தலையில் கிரீடம். கீழே 'கடவுள் நம்மோடு' என்று வளைந்து ஓடும் எழுத்து. மன்னர் போய்ப் பொதுவுடைமை ஆட்சி வந்தபிறகு கிரீடமும் கடவுளும் ஒன்றாகக் குற்றமாகிவிட, கொடியைச் சுருட்டி உள்ளறையில் போட்டிருந்தார்கள். காட்சிக்கு வைக்கக்கூடாது, கெட்டுப்போகவும் விடக்கூடாது என்பது உத்தரவு. "கிரீடக்காரரே, இன்னிக்கும் உங்களுக்கு வெளிய போக அனுமதி இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் ஊசியில் நூல் கோப்பாள்.

வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் அந்தக் கொடியின் கீழ்மூலையைப் பார்த்து முகம் சுளித்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, தோல்போல விறைத்து, பிசுக்கேறிக் கிடந்தது. பன்றிக்கொழுப்புப் பானையைத் தூக்க எந்தப் படைவீரனோ பிடிதுணியாக்கியிருக்கிறான் என்று திட்டினாள். அந்த மூலையை வெட்டியெடுத்துவிட்டு, மஞ்சிட்டி வேரில் சாயமேற்றிய புதுப்பட்டை ஒட்டுத் தெரியாமல் தைத்தாள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தையல் தெரியவில்லை. அன்று வீடு வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெட்டிய துண்டு மட்டும், பழைய நிறத்துக்கு நூல் பொருத்திப் பார்க்க உதவட்டும் என்று மேசை இழுப்பறையில் நூல் அட்டையோடு குத்திவைக்கப்பட்டது.

அதன்பின் இருபது வருஷம் ஓடியது. ஆட்சி மாறியது. கிரீடம் குற்றமில்லை என்றானது. ஜனவரி ஆறாம் தேதி யோர்தான் திருநாளில் ஆற்றங்கரையில் படைக்கொடிகளுக்குப் புனித நீர் தெளிக்கும் வழக்கத்தை நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மீண்டும் தொடங்கினார்கள். அந்த ரெஜிமென்ட்டில் உயிரோடிருந்த ஏழு கிழவர்களையும் அழைத்தார்கள். திருநாளுக்கு நான்கு நாள் முன்பு, கொடியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஏழு பேரும் ஒரு தட்டு பாலாடைக்கட்டி பனீட்சா பலகாரத்தோடு வந்து இறங்கினார்கள்.

"சிங்கத்துக்கு இன்னும் பல்லு எல்லாம் இருக்குடா!"

"அது உன்ன மாதிரி ரக்கியா குடிக்கல."

இயக்குநர் ஸ்தொயில் சின்ன வயதுக்காரர். "எல்லாம் நம்ம வசில்கா அக்கா கைவண்ணம்" என்றார் பெருமையாக.

பென்ச்சோ என்ற கிழவர், மலைமேல் ஆடு மேய்ப்பவர், தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். கீழ்மூலையைக் கையிலெடுத்து உதட்டருகே கொண்டுபோனவர் நின்றுவிட்டார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது இல்ல."

"அதே கொடிதான் தாத்தா" என்றார் ஸ்தொயில்.

"கொடி அதேதான். மூலை அது இல்ல." நிமிராமலே சொன்னார். "சத்தியம் பண்றப்போ எல்லாரும் இந்த மூலையிலதான் முத்தம் குடுப்போம். எங்கப்பா குடுத்திருக்காரு. நாப்பத்திநாலுல போருக்குப் போறப்போ மறுபடியும் குடுத்தோம். வரிசையில எனக்கு முன்னாடி என் தம்பி நைதென். அவன் எச்சில் ஈரம்கூடக் காயல. தொடச்சுட்டுப் போடா பன்னின்னு திட்டினேன். திராவா ஆத்துக்கிட்ட செத்தான். குழியும் இல்ல, போட்டோவும் இல்ல. அவன் இருந்ததுக்கு எனக்கு இந்த மூலைதாம்மா இருந்துச்சு."

வசில்காவின் காதுமடல் எரிந்தது. ஸ்தொயில் அவளை ஓரமாக இழுத்தார். "பூச்சி அரிச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்க்கா. அடுத்த வருஷம் ஓய்வு. பேரைக் கெடுத்துக்காதீங்க."

இருபது வருஷப் பெருமை அது. பொய்யும் சின்னதுதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கிழவர் இன்னும் மண்டியிட்டே இருந்தார்.

அவள் இழுப்பறையைத் திறந்து நூல் அட்டையை எடுத்துவந்தாள். "நான்தான் வெட்டினேன். அழுக்குன்னு நெனச்சேன்."

பிறகு ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். "எங்க வாய அழுக்குன்னு சொல்லிட்டா. என் பொண்டாட்டியும் அதத்தான் சொன்னா." ஆறு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

பென்ச்சோ சிரிக்கவில்லை. ஊசித்துளைகள் விழுந்த அந்தக் கறுப்புத் துண்டை முகர்ந்தார். "எறியாம வெச்சிருக்கியே."

"நிறம் பாக்க வெச்சேன் தாத்தா. மரியாதையில வெக்கல."

"எதுக்கு வெச்சா என்ன? இருக்குல்ல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் கையி நல்லாயிருக்கணும். தைச்சுருவியா?"

மூன்று பகல் தைத்தாள். பழைய துண்டு அப்பளம்போல இருந்தது. ஊசி பட்டால் உடையும். வைத்த ஒட்டைப் பிரிக்கவில்லை, இனி இந்தக் கொடியில் கத்தரி படக்கூடாது. புதுப்பட்டையே அடித்துணியாக்கி, அதன்மேல் பழையதைப் பரப்பி, தானே குத்திய பழைய துளைகள் வழியாகவே நூலை ஓட்டினாள். விளிம்பில் ஒட்டு நன்றாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டாள். மதியங்களில் மிஞ்சோ பீன்ஸ் சூப் கொண்டுவந்து, பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

யோர்தான் காலையில் ஆற்றோரம் பனிக்கட்டி படர்ந்திருந்தது. பாதிரியார் துளசிக் கொத்தை நீரில் தோய்த்துக் கொடிமேல் வீசினார். இற்ற பட்டுக்குத் தண்ணீர் எமன். சிங்கத்தின் மார்பில் விழுந்த துளிகளைப் பட்டு குடித்தது. கீழ்மூலையில் விழுந்தவை நிற்காமல் முத்துமுத்தாக உருண்டு பனியில் சிந்தின. அத்தனை உதடுகளின் பிசுக்கு அங்கே நீரை அண்டவிடவில்லை.

பிறகு கிழவர்களுக்கு முத்தமிட அனுமதி கிடைத்தது. ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். பென்ச்சோ தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றார்.

"முன்னாடி வாங்க தாத்தா" என்றான் கொடி பிடித்திருந்த சிப்பாய்.

"அங்க ஆளு இருக்கு." கூட்டத்தில் தேடி அவளைக் கண்டுபிடித்தார். "ஏம்மா, தையக்காரம்மா! இங்க வந்து நில்லு."

"ஐயோ, இதுல பொம்பளைங்க..."

"என் தம்பிக்கு மீசையே மொளைக்கல. அவன் ஒண்ணும் சொல்லமாட்டான். வா."

மிஞ்சோ அவளை முதுகில் கைவைத்துத் தள்ளினான். அவள் அந்த இடத்தில் நின்றாள். குனிந்து, தான் குத்திய துளைகளின் மேலேயே உதட்டை வைத்தாள். குளிர்ந்திருந்தது, லேசாக உப்புக் கரித்தது. இத்தனை பேர் வாய்வைத்த இடத்தில் தனக்கும் ஓர் இடம் கிடைத்ததே என்று நினைத்தாள். நன்றி என்று சொல்ல வந்தது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் துணியிடமே சொன்னாள்.

கழுத்துத் துணியால் ஈரத்தைத் துடைக்கக் கையெடுத்தாள்.

"தொடைக்காத" என்றார் பென்ச்சோ. அவள் விலகியதும் அதே இடத்தில் குனிந்தார்.