காய்ச்சல்னா பாபு, உருளைக்கிழங்குன்னா வசந்தா அக்கா

1. போன் எடுத்த நாள்

விருத்தாசலத்தில் செராமிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கடிகாரம் பார்க்கத்தான். கூழாகக் கரைத்த களிமண்ணை நாங்கள் ஸ்லிப் என்போம். அதை பிளாஸ்டர் மோல்டில் ஊற்றினால், மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் மண் பிடித்துக்கொண்டே வரும். பொம்மையின் அளவுக்கு ஏற்றபடி பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ கழித்து, நடுவில் மிச்சமிருக்கும் கூழை வடித்துவிட வேண்டும். சீக்கிரம் வடித்தால் பொம்மை நொய்ந்துபோகும். தாமதமானால் கனத்துப்போகும். அந்த நேரத்தில் நான் போன் எடுப்பதில்லை. இருபத்திரண்டு வருஷ காஸ்டிங் வேலையில் ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்.

என் மனைவி செலின்தான் கூப்பிட்டாள். எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஐந்து வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. காலில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. விளையாடும்போது இடித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தோம்.

"ரத்த டெஸ்ட்டு வந்துடுச்சிங்க. டாக்டரு உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு."

"என்னன்னு கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டு பேருமா வாங்கன்றாரு."

அடுத்த நாள் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். எனக்கு அதற்குப் பிறகு காது கேட்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பேசிப் பார்த்துவிட்டு, செலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குழந்தைங்களுக்கு வர்ற இந்த வகை நல்லா குணமாகக்கூடியதும்மா. ஆனா கீமோ மொத்தமா ரெண்டரை வருஷம் ஓடும். ஒரு நாள் கூட விடக்கூடாது. முடியுமா?"

செலின் கைப்பையிலிருந்து ஜெனியின் ரூல்டு நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் யூகேஜி பாடம் இருந்தது. அதைத் திருப்பிவிட்டு, "மொதல்ல இருந்து சொல்லுங்க மேடம், எழுதிக்கறேன்" என்றாள்.

2. மஞ்சக்காமாலை என்று சொன்னேன்

எங்கள் பொம்மை யூனிட்டில் கேட்டவர்களிடம் மஞ்சக்காமாலை என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வார்த்தையை வாயில் வைத்தால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். எல்லாரும் பாவமாகப் பார்ப்பார்களே என்று இன்னொரு பயம்.

முதல் மாதம் செலினும் ஜெனியும் பாண்டியிலேயே வார்டில் இருந்தார்கள். நான் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது யானைப் பொம்மைகளை ஈரம் காயும் முன்னே மோல்டிலிருந்து கழற்றிவிட்டேன். நாற்பதுக்கும் தும்பிக்கை விழுந்துவிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். கோபக்காரர். ஆனால் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. தும்பிக்கை இல்லாத யானை ஒன்றைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்னா அருளு இது, பன்னியா?"

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"லூசாய்யா நீ? ஒரு மாசமா இத மூடி வச்சிக்கிட்டு இருந்தியா?" என்றார். இதை மட்டும் சத்தமாகவே சொன்னார். அதனால் யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

3. கேட்டில் செலின்

ஜெனியை வீட்டுக்கு அழைத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் யூனிட்டே வாசலில் நின்றது. கையில் திராட்சை, கொய்யா, பூ. பெயின்டிங் செக்ஷன் வசந்தா அக்கா ஜெனியைத் தூக்கிக் கொஞ்சுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

செலின் கேட்டை உள்பக்கமாகத் தாழ்போட்டாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. கீமோ போட்டா வெள்ளை அணு எறங்கிடும். யாருக்கு லேசா சளி இருந்தாலும் புள்ளைக்கு ஒட்டிக்கும். தோலோட தின்ற பழம் ஆகாது. பூ ஆகாது. யாரும் உள்ள வராதீங்க."

வந்தவர்களுக்கு முகம் வாடிவிட்டது. வசந்தா அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பிப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. "அவ்ளோ தூரம் வந்தவங்கள இப்பிடியா அனுப்புவ?" என்று செலினிடம் கேட்டேன்.

அவள் ஜெனியின் துணிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவங்க மேல தப்பு இல்ல. உதவி பண்ணணும்னுதான் வந்தாங்க. என்ன பண்றதுன்னு தெரியல, பழம் வாங்கிட்டு வந்துட்டாங்க. நீங்க யூனிட்ல காலையில பத்து பேருக்கு வேலை பிரிச்சிக் குடுக்கறீங்கல்ல? இதையும் பிரிச்சிக் குடுங்க. எனக்கு ஆளு வேணும்ங்க. என்னால தனியா முடியாது."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என்னால் முடியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

4. போர்டில் எழுதினது

மறுநாள் காலையில் போர்டில் அன்றைய காஸ்டிங் கணக்கை எழுதிவிட்டு, கீழே ஒரு கோடு போட்டு 'ஜெனி' என்று எழுதினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைக்கு நூறு புள்ளி நாலுக்கு மேல காய்ச்சல் அடிச்சா, ஒடனே பாண்டி போவணும். மாத்திரை குடுத்துட்டு வூட்ல வச்சிப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்கு ஒரு வண்டி வேணும்."

சூளை பார்க்கும் பாபு கையைத் தூக்கினான். "நம்ம ஆம்னி இருக்குதுண்ணே. டீசல் வண்டியில்ல, சத்தம் போடாது."

"பிளேட்லெட் எறங்கினா ரத்தம் குடுக்க ஆளு வேணும்." லோடிங் ஆட்கள் நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள்.

"எம் மேல மண்ணு தூசி. அதோட வூட்டுக்குப் போவ முடியாது." முதலாளி ஆபீஸ் ரூமை ஒட்டியிருந்த பாத்ரூமுக்கு ஹீட்டர் போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தலைக்குக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையிலேயே நான் இவ்வளவு சுத்தமாக இருந்தது அந்த ரெண்டரை வருஷம்தான்.

வசந்தா அக்கா டீ நேரத்தில் வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அக்கா, ஸ்டீராய்டு மாத்திரை குடுக்கறாங்க. அதனால பசி அடங்கவே மாட்டேங்குது. நாள் பூரா உருளைக்கிழங்கு வறுவல் கேக்கறா. செலினால அடுப்ப வுட்டு நவுர முடியல. சூடா, அன்னன்னைக்கு செஞ்சதா இருக்கணும். உப்பு கம்மியா."

"அவ்ளோதான?" என்றார் அக்கா. மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்கு மூடி போட்ட தூக்குவாளி ஒன்று எங்கள் கேட்டில் தொங்கியது. ஜெனி மூன்றாவது நாளே போன் போட்டு, "பெரிம்மா, இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு செய்யுங்க" என்று உத்தரவு போட்டாள்.

5. மொட்டை

இரண்டாம் மாதம் முடி கொட்டியது. தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்து ஜெனி அழவில்லை. ஆத்திரப்பட்டாள். "என்ன கேக்காம ஏன் போவுது?" என்றாள். நான் உட்கார்ந்து மிச்சத்தையும் மழித்துவிட்டேன். அவள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள்.

அன்று வசந்தா அக்கா வீடியோ காலில் வந்தார். பின்னால் ரேக் நிறைய, சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய குழந்தைப் பொம்மைகள். எல்லாம் வெள்ளை வெளேர் என்று, வழவழ மொட்டை.

"பெரிம்மா, எல்லாத்துக்கும் யாரு மொட்டை அடிச்சா?"

"யாரும் அடிக்கலடி. சூளையிலேர்ந்து வரும்போதே இப்பிடித்தான் வரும். முடி நான்தான் பிரஷ்ல போடுவேன்."

ஜெனி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அதுல ஒண்ணு எனக்கு வேணும். முடி போடாதீங்க. பொட்டு மட்டும் வைங்க."

பொம்மை வந்தது. செலின் அதை வாங்கி நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

"செலின், அது ஆயிரத்து எரநூறு டிகிரி பாத்துட்டு வந்துருக்குது. இதுக்கு மேல என்னா கிருமி சாவணும்?"

"அது ஒங்க சூளை. இது என் வூடு" என்றாள். பொம்மை பத்திரமாக வெளியே வந்தது. பொட்டு மட்டும் கொஞ்சம் கலைந்துபோனது.

6. ஆம்னி

எல்லாமே சிரிப்பாகப் போகவில்லை. ஐந்தாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி. செலின் போனில் ஒரே வரிதான் சொன்னாள். "நூத்தி ஒண்ணு இருக்குது."

அன்றைக்குச் சூளை உச்ச வெப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கொலு ஆர்டர் முழுக்க உள்ளே இருந்தது. வண்டி பாபுவுடையது. சூளையும் பாபுவுடையது.

பாபு சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். முதலாளி வந்தார்.

"நீ கெளம்பு. சூளைய நான் பாத்துக்கறேன்."

"மொதலாளி, நீங்க சூளை பாத்து பத்து வருஷம் ஆவுது" என்றான் பாபு.

"நான் பாக்கறேன்றேன்ல. வசந்தா, நீயும் இங்க வா. நான் தப்பா எதுனா திருப்புனா கைல அடி."

பத்து நிமிஷத்தில் ஜெனியையும் செலினையும் ஏற்றிக்கொண்டோம். ஜெனியின் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. கண்ணைத் திறக்கவில்லை. நெய்வேலி தாண்டுவதற்குள் செலின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நோட்டைப் பார்த்து, கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்று ஒப்பித்தாள். பண்ருட்டியில் பலாப்பழ லாரிகள் இரண்டு எதிரும் புதிருமாக நின்று ரோட்டை அடைத்திருந்தன. பாபு இறங்கி ஓடினான். அவன் என்ன சொன்னானோ, லாரி டிரைவரே பின்னால் நின்ற வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டு வண்டியை ஒதுக்கினார்.

அந்தச் சத்தத்தில் ஜெனி அரைக்கண் திறந்தாள். "பாபு மாமா, ஹார்ன் அடிங்க" என்றாள். பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாண்டி எல்லைவரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

போனவுடன் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இரண்டு நாள் யாரும் எங்களிடம் நம்பிக்கையாகப் பேசவில்லை. நான் வராந்தாவில் நடந்தேன். செலின் நடக்கவில்லை. ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. ஜெனி முதலில் சொன்னது, "பசிக்குது."

டாக்டரம்மா செலினிடம் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்னு இருந்திருந்தா கஷ்டமாயிருக்கும்மா. நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க."

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்றேன். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சூளையும் நல்லாத்தான் வந்துருக்குது. மேல் தட்டுல மட்டும் பச்சைப் பூச்சு கொஞ்சம் கருத்துப்போச்சி. கிளிப் பொம்மை. காக்காய்னு சொல்லி வித்துடுவோம்" என்றார்.

7. ஸ்கூலிலிருந்து வந்த அழைப்பு

அதற்குப் பிறகு மாத்திரைக் காலம். தினம் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் கூடுதலாகச் சில. மாதம் ஒரு தடவை பாண்டி. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு ஜெனியும் நானும் சண்டை போட்டுக்கொண்டு போவோம். முடி சுருட்டையாக முளைத்தது. ரெண்டரை வருஷம் முடிந்த அன்று டாக்டரம்மா, "இனிமே மாத்திரை வேணாம். செக்கப்புக்கு மட்டும் வாங்க" என்றார். செலின் ரூல்டு நோட்டில் அதையும் எழுதினாள். மூன்றாவது நோட்டு அது.

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். கஷ்டம் வந்தால் மறைக்காதீர்கள். சொன்னாலும், 'பிரார்த்தனை பண்ணுங்க' என்பதோடு நிறுத்தாதீர்கள். வண்டி வேண்டுமா, ரத்தம் வேண்டுமா, வறுவல் வேண்டுமா, அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் செய்யத் தெரியும். தினமும் காலையில் வேலை பிரித்துக்கொடுத்தவனுக்கு இதை செலின் சொல்லித்தான் தெரிந்தது.

போன மாதம் மதியம் ஸ்கூலிலிருந்து போன். ஜெனி இப்போது மூன்றாம் வகுப்பு. "பேரண்ட்ஸ் ரெண்டு பேரும் கொஞ்சம் வர முடியுமா?" என்றார் கிளாஸ் மிஸ். போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினேன். செலின் வழி முழுக்க ரூல்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மிஸ் எங்களை உட்காரவைத்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க பொண்ணால கிளாஸே எடுக்க முடியல சார். ஒரே பேச்சு. எடத்த மாத்தி ஒக்கார வச்சா அங்கயும் பேச்சு. நேத்து பெஞ்ச் மேல ஏறி டான்ஸ் ஆடுறா."

செலின் மிஸ்ஸையே பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று நான் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை.

"சிரிக்கிற விஷயமா மேடம் இது?" என்றார் மிஸ்.

"இல்லீங்க மிஸ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் செலின். "நல்லா திட்டுங்க."