கிழக்குக் காற்று

செல்போனில் புயலின் பாதை நாகப்பட்டினம் வழியாக மேற்கே நீண்டிருந்தது. சிறுவயதில், மலைமேல் அரியூர் நாட்டு ஓட்டு வீட்டில் இருந்தபோது, ரேடியோவிலும் அதே ஊரைத்தான் சொன்னார்கள்.

"புயல் நமக்குத் தெக்கால போனா கெழக்காத்து அடிக்குமுங்க. மரம் ஊட்டு மேலதான் விழுகும். பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாம்," என்றாள் அம்மா.

வீட்டுக்குக் கிழக்கே நின்ற சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி காய்த்துக் குலுங்கியது. "அந்த மரமா விழுகும்?" என்று அப்பா சிரித்தார். அம்மா என் கையையும் தங்கை கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்பா முணுமுணுத்தபடி மாட்டை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

விடிந்து வந்து பார்த்தால், நாங்கள் படுக்கும் அறைமேல் மரம் கிடந்தது. அப்பா இடிந்த சுவரில் ஏறி, மிளகைப் பறித்து அம்மாவின் மடியில் போட்டார்.

"ஏனுங்க, பேளுக்குறிச்சிக்குத் தங்கச்சி ஊட்டுக்கு இப்பவே கெளம்பலாம்," என்றேன் இப்போது, செல்போனைக் கணவரிடம் காட்டி. அவர் ஏன் என்று கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.