பார்க்காமல் எழுதிய மூன்று எண்கள்

அந்தக் கப்பலின் தண்ணீர்ப்பக்கத்தை நான் பார்க்கவேயில்லை. பார்த்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தொரு வருடம் கழித்து, நாற்பத்தாறாவது வயதில் செய்த காரியம் இது.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் கார்கோ சர்வேயர். ஒரு கப்பலில் எத்தனை டன் சரக்கு இருக்கிறது என்று தராசு இல்லாமல் சொல்ல வேண்டும். கப்பலின் முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம் என்று மூன்று இடத்தில் எண்கள் எழுதியிருக்கும். வலமும் இடமும் சேர்த்தால் ஆறு. தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று ஆறையும் வாசித்தால் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று தெரியும். கப்பலின் சொந்த எடை, எண்ணெய், குடிநீர், கப்பல் நிலையாக நிற்க அடியில் நிரப்பும் பல்லாஸ்ட் தண்ணீர் எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் சரக்கு. இதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். கரைப்பக்கத்து மூன்று எண்களையும் கப்பல் கட்டி நிற்கும் மேடையான பெர்த்தில் நடந்தபடியே வாசித்துவிடலாம். தண்ணீர்ப்பக்கத்து மூன்றுக்கும் படகில் இறங்க வேண்டும். நான் சொல்ல வந்தது அந்தப் படகைப் பற்றித்தான்.

பெஹாலா அறை

தூத்துக்குடியில் இருந்தவரை எனக்கு வேலை பிடித்திருந்தது, அல்லது பிடிக்கிறதா என்று யோசிக்க நேரமில்லாமல் இருந்தது. பிறகு புரமோஷன் என்று சொல்லிக் கொல்கத்தா கிளைக்கு அனுப்பினார்கள். கிளை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். துறைமுக டாக்கை ஒட்டிய கிடர்பூரில் ஒரு மாடி அறை, ஒரு பிரிண்டர், நான். மகள் பத்தாம் வகுப்பு என்பதால் குடும்பம் ஊரிலேயே தங்கிவிட்டது. நான் பெஹாலாவில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார மாஷிமா நல்லவர்தான். காலையில் படியில் பார்த்தால் "கேமோன் ஆச்சேன்?" என்று நலம் கேட்பார். நலம் என்பதற்கு "பாலோ" என்பேன். எங்கள் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்ச் பக்கம் ஒரு தமிழ்க் கடைக்குப் போய்ச் சாம்பார்ப்பொடி வாங்குவேன். வாரத்தில் நேருக்கு நேராகத் தமிழ் பேசுவது அந்தப் பத்து நிமிடம்தான். அதுவும் கடைக்காரர் கல்லாவில் இருந்தால். அவர் மகள் இருந்தால் வங்காளத்தில் விலை சொல்லிவிடுவாள்.

சாயங்காலம் மனைவி செல்வி கூப்பிடுவாள்.

"என்னங்க, சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்டிய?"

"ஏதோ சாப்ட்டேன். விடு."

"ஏன் இப்படி வள்ளுன்னு விழுதிய? பேசாம வந்துருங்க. தம்பி உப்பு ஏஜென்சியப் பாத்துக்க ஆள் இல்லாமக் கெடக்கான். எத்தன தடவ சொல்லுதேன்."

ராஜினாமாக் கடிதத்தை ஃபோனில் டிராஃப்டாக எழுதி வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டே வரிதான். 'சொந்தக் காரணங்களால்' என்று தொடங்கும். அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து வருடாந்திர அப்ரைசல் ஃபாரமும் வந்திருந்தது. அதில் ஒரு கேள்வி: உங்கள் வேலையின் நோக்கம் என்ன? அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தேன். நிஜமாகவே தெரியவில்லை. எண் எழுதுகிறேன். யாரோ அதை வாங்கி யாருக்கோ அனுப்புகிறார்கள். இதில் நோக்கத்துக்கு நான் எங்கே போவேன்?

டாக்கில் எனக்கு மனிதர் என்று இருந்தவர் ஹால்தார்தா ஒருவர்தான். ('தா', 'தாதா' என்றால் வங்காளத்தில் அண்ணன்.) சரக்கு இறக்கும் கம்பெனியில் லோடுகளை எண்ணிக் கணக்கு வைக்கும் டாலி சூப்பர்வைசர். கப்பலிலிருந்து லாரியில் ஏறும் ஒவ்வொரு லோடுக்கும் அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கேட்டைத் தாண்டும். மதியம் செய்தித்தாளை விரித்து, பொரியில் கடுகெண்ணெய் விட்டு, பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டுப் பிசைவார். முதல் மாதத்தில் ஒருநாள் நான் தூரத்தில் தனியாக ரொட்டி தின்பதைப் பார்த்துவிட்டு, தாளின் ஒரு மூலையை என் பக்கம் தள்ளிவைத்தார். அன்றிலிருந்து அந்த மூலை எனக்கு.

ஏப்ரல் மாதத்துக் கப்பல்

மஞ்சள் பட்டாணி ஏற்றி வந்த கப்பல். மதியம் ஒரு மணி வெயில். கரைப்பக்கத்து மூன்று எண்களையும் வாசித்தேன். படகுக்கார ரஃபீக் சாச்சா அடுத்த பெர்த்தில் இருந்தார். வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் வந்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். எனக்கு வலது முழங்கால் தகராறு. கப்பலைப் பார்த்தேன். நேராக நிற்பதுபோலத்தான் இருந்தது.

எழுதினேன். கரைப்பக்கத்து எண்களையே எடுத்து, ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் கூட்டி, இன்னொன்றில் இரண்டு குறைத்து, வாசித்ததுபோல எழுதினேன். இதுதான் இன்றைக்கும் கூசுகிறது. சோம்பேறித்தனத்தை மன்னிக்கலாம். பார்த்தவன் எழுதினதுபோல் இருக்க வேண்டும் என்று ஜோடித்தேனே, அதை என்ன சொல்ல? கணக்குப் போட்டால், ஏற்றுமதித் துறைமுகத்திலிருந்து வந்த பேப்பரில் என்ன டன் இருந்ததோ கிட்டத்தட்ட அதே டன் வந்தது. பொருந்திவிட்டது, அப்புறம் என்ன என்று கப்பலின் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். அந்த மனிதர் நாள் முழுக்க ஆற்றில் கப்பலோடு வந்த களைப்பில் படித்துப் பார்க்காமலே போட்டார்.

பட்டாணி இறங்க ஆறு நாள் ஆயிற்று. லாரிச் சீட்டுகளைக் கூட்டினால் என் எண்ணைவிட எழுபது டன் குறைவு.

பேப்பரிலும் இருக்கிறது, சர்வேயரும் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்படியானால் எழுபது டன்னும் இங்கேதான் போயிருக்க வேண்டும். நாலைந்து லாரி சீட்டில்லாமல் வெளியே போயிருக்கின்றன என்று சரக்கு வாங்கியவர்களும் இறக்கும் கம்பெனியும் முடிவு கட்டினார்கள். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? ஹால்தார்தா. வியாழக்கிழமை அவருடைய கேட் பாஸை வாங்கிவைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை போலீஸில் புகார் கொடுப்பதாகப் பேச்சு.

ஹால்தார்தா கேட்டது

வெள்ளிக்கிழமை காலை அவர் என் மாடி அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எங்கள் பேச்சு எப்போதும் இந்தியும் வங்காளமும் கலந்துதான். தமிழில் தருகிறேன்.

"செல்வராஜ்தா, உங்க நம்பர் தப்பா இருக்காது. ஆறு இடமும் பாத்துத்தான் எழுதியிருப்பீங்க. அப்போ தப்பு எங்க பக்கம்தான். நான் எங்கயோ கண்ணசந்திருக்கேன். எந்த நேரத்துலன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரல. நீங்க பெர்த்துல நின்னீங்களே, ஏதாவது லாரி சீட்டில்லாமப் போனதப் பாத்தீங்களா?"

என்மேல் சந்தேகப்பட்டு அவர் வந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் சுலபமாக வரும். அவரோ தன் கண்ணைவிட என் எண்ணை நம்பிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"பாக்கல தாதா" என்றேன். லாரியைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனபிறகு ஃபோனை எடுத்து அந்த ராஜினாமா டிராஃப்டைத் திறந்தேன். அனுப்பிவிட்டால் முடிந்தது. நான் ஊருக்குப் போய் உப்பு விற்கலாம், செல்வி கையால் சாப்பிடலாம். ஆனால் நான் போனாலும் எண் இங்கே இருக்குமே! அந்த எண் இருக்கிறவரை ஹால்தார்தா திருடன். அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் மிச்சம்.

யாரோ வாங்கி யாருக்கோ அனுப்பும் எண் என்றுதானே நினைத்திருந்தேன். அது போய் விழுந்த இடம் தினமும் எனக்குப் பொரி கொடுத்த மனிதரின் தலை. மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன். அந்த அறையில் பார்க்க யார் இருக்கிறார்கள்?

பிறகு அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டு வேறு எழுதினேன். பட்டாணிக் கப்பலின் சர்வேயில் தண்ணீர்ப்பக்கத்து மூன்று எண்களும் பார்த்து எழுதியவை அல்ல, அந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குகிறேன், தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதி எல்லாத் தரப்புக்கும் அனுப்பினேன். அனுப்பிய கையோடு சென்னைக்குக் கூப்பிட்டேன்.

ராமநாதன் சார்

அவர் எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

"என்னய்யா சொல்ற? மூணு மார்க் பாக்கலையா?"

"இல்ல சார்."

"பின்ன அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?"

"நானா எழுதினேன் சார்."

அவர் தன் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இருபத்தொரு வருஷம்யா! ஒரு ட்ரெய்னி கூட இப்படிப் பண்ணமாட்டான்."

"பண்ணமாட்டான் சார். அவனுக்குப் பயம் இருக்கும். எனக்கு அதுவும் விட்டுப்போச்சு."

"சரி, இதை மெயில்ல கியில்ல போட்டுத் தொலைக்காதே. நான் ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுடறேன்."

"போட்டுட்டேன் சார். போட்டுட்டுத்தான் உங்களுக்குப் பேசறேன்."

அவர் என்னைத் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. எல்லாம் நியாயமான திட்டு. கடைசியில் மட்டும் கேட்டார்: "அங்க ஒன்னப் பாத்துக்க யாராவது இருக்காங்களாய்யா?" பதிலுக்குக் காத்திராமல் ஃபோனை வைத்துவிட்டார்.

என் ரிப்போர்ட் வாபஸ் ஆனதும் நிலைமை மாறியது. மேட்டின் நோட்டில், கப்பல் அன்று கரைப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது என்ற குறிப்பு இருந்தது. அப்படியானால் தண்ணீர்ப்பக்கம் நான் எழுதியதைவிட உயர்ந்து நின்றிருக்கும். உள்ளே சரக்கும் அந்த அளவுக்குக் குறைவாக இருந்திருக்கும். ஏற்றிய இடத்திலேயே குறைவு என்று சரக்கு வாங்கியவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். போலீஸ் புகார் நின்றது. ஒன்பது நாள் கழித்து ஹால்தார்தாவுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வருட இன்க்ரிமென்ட் போனது. ஒரு கிளையன்ட்டும் எங்களை விட்டுப் போனார்.

ஹால்தார்தாவிடம் மெயில் அனுப்பிய மறுநாள் சனிக்கிழமையே நேரில் சொல்லிவிட்டேன், டாக் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில். கோபப்படுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். அவர் மண்கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சாலையில் போகும் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்டுவோட ரெண்டு நாளா நான் பேசல" என்றார். பல்டு அவருடைய டாலி ஆள். "பதினாறு வருஷமா என்கூட இருக்கான். அவன்தான் எடுத்திருப்பான்னு நெனச்சேன். அவன் பொண்டாட்டி முன்னாடியே கேட்டுட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அந்தச் சொல் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவர் தன் டீக்கும் என் டீக்கும் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

படகு

நான் ராஜினாமா செய்யவில்லை. செல்வி கேட்டதற்கு, "இப்போ வந்தா ஓடி வந்த மாதிரி இருக்கும்ட்டி" என்றேன். அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு, "சரி, முழங்காலுக்காவது தைலம் தேயுங்க" என்றாள்.

இப்போது எந்தக் கப்பலானாலும் ரஃபீக் சாச்சாவுக்காகக் காத்திருக்கிறேன். முக்கால் மணி நேரமானாலும் சரி, மழையானாலும் சரி. ஏணியில் பின்பக்கமாக ஒவ்வொரு கம்பியாக இறங்குவேன். தண்ணீர்ப்பக்கத்தில் கரைச் சத்தம் எதுவும் கேட்காது. தலைக்குமேல் கப்பலின் இரும்புச் சுவர், கீழே கறுத்த தண்ணீர். சிற்றலை தணியும்வரை காத்திருந்து எண்ணைச் சத்தமாக வாசிப்பேன். எண் எனக்குத் தமிழில்தான் வரும். "அஞ்சு மீட்டர் எண்பத்திரெண்டு!" சாச்சா துடுப்பை நிறுத்தி அதையே திருப்பிச் சொல்வார். அவருக்கு இப்போது நூறுவரை தமிழில் எண்ணத் தெரியும்.

அப்ரைசல் ஃபாரத்தை அந்த மே மாதம் பூர்த்தி செய்து அனுப்பினேன். ராமநாதன் சார் கூப்பிட்டார்.

"நோக்கம்ங்கற இடத்துல 'போய்ப் பார்ப்பது'ன்னு மட்டும் எழுதியிருக்கே. ஹெச்.ஆர். சிரிக்கிறாங்கய்யா. நாலு வரி எழுதேன்."

"அவ்வளவுதான் சார் நம்ம வேலை."

அதற்குப் பிறகு அவர் எழுதச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் இளையவர்களுக்கும் நான் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பாதி வழியில் வேலை கசந்துபோனால், நாம் எழுதும் எழுத்து கடைசியில் யார் தலையில் போய் இறங்குகிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் முழங்கால் வலியைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டேன்.

ஹால்தார்தா என்னோடு பேசுவார். கப்பல் எப்போது கரையில் கட்டும், எந்தச் சரக்கறை முதலில் என்று வேலைப் பேச்சு மட்டும். மதியம் பல்டுவோடு உட்கார்ந்து பொரி பிசைகிறார். நான் பழையபடி தூரத்தில் ரொட்டி தின்கிறேன். அந்த மூலை திரும்ப என் பக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்து ஒரு வருடம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்ப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள், படகைக் கப்பலின் பின்பக்கம் திருப்பும்போது ரஃபீக் சாச்சா சொன்னார்: "ஒவ்வொரு கப்பலுக்கும் ஹால்தார் என்கிட்ட வந்து கேக்குறாரு. சர்வேயர் படகுல ஏறினாரான்னு."

"எத்தனை நாளா?"

"அந்தக் கப்பல்லேருந்து. ஒண்ணு விடாம."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஏறினாருன்னு சொல்வேன். கேட்டுட்டுப் போயி, அதுக்கப்புறம்தான் மொத லாரிச் சீட்டுல கையெழுத்துப் போடுவாரு."

மழை வலுத்துக்கொண்டிருந்தது. நனைந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி மார்க்குக்குப் படகைக் கிட்டே விடச் சொன்னேன்.