கந்தோரை விட்டுக் கிணறு பார்க்கப் போனவர்

அத்தானின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்களில் பலர், ஒரு காலத்தில் அவரைச் சந்தேகித்தவர்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்த வரிசையில் முதலில் நின்றது எங்கள் வீடுதான். நல்லவர், பண்பானவர் என்று மட்டும் எழுதி முடித்தால் அத்தானே நம்பமாட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அவருடைய மைத்துனி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தான் பனிச்சங்கேணியில் பிறந்தவர். தகப்பனார் வாவியில் வலை வீசியும் மழைக்காலத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தும் பிள்ளைகளைப் படிப்பித்தவர். ஐந்து பிள்ளைகளில் அத்தான் ஒருவர்தான் பரீட்சை எழுதி, எழுதுவினைஞராகத் தெரிவாகி, பட்டணத்து அரசாங்கக் கந்தோரில் கதிரை பிடித்தார். அந்தக் கதிரைக்காகத்தான் எங்கள் அம்மா அவரை அக்காவுக்கு மாப்பிள்ளை எடுத்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படிக் குருக்கள்மடத்து எங்கள் வளவுக்குள் ஒரு சூட்கேசோடும் ஒரு சைக்கிளோடும் வந்தார். அப்பா இல்லாத வீடு. "பென்சன் உள்ள மனிசன் கா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தக் கதிரையில் அத்தான் சந்தோசமாக இருந்ததை நான் கண்டதில்லை. அவருடைய மேசைக்கு முன்னால் நாள் முழுவதும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவருக்குக் கடிதம் குறையும், இன்னொருவருக்குக் கையொப்பம் குறையும். பின்னேரம் வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, யாரும் கேட்காமலே சொல்வார்: "இண்டைக்கும் நாப்பது பேருக்கு நாளைக்கு வாங்க எண்டு சொல்லிப்போட்டு வாறன்." நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

இரண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் உறவில் போனவர்களின் பெயர்களை இங்கே எழுத என் கை வராது. எங்கள் வீடு நின்றது. கிணறு மட்டும் கடலாகிப் போனது. அடுத்த வருடம் கந்தோரில் அத்தானுக்கு நிவாரண விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். வீடு உடைந்தது மெய்யா, செத்தவர் உண்மையில் இருந்தவரா என்று விசாரிக்கும் வேலை. "மகனப் பறிகொடுத்த மனிசியிட்ட, மகன் இருந்ததுக்கு அத்தாட்சி கேக்கிறன். எல்லாரையும் கள்ளராப் பாக்கச் சொல்ற கதிரை அது" என்று அக்காவிடம் சொல்லி அழுதாராம்.

அப்படி விசாரிக்கப் போன ஒரு வீடுதான் அவரைத் திருப்பியது. கடலோரத்தில் தனியாக இருந்த பூமணியக்காவின் வீடு. "வீடு கிடக்கட்டும் ஐயா, இந்தத் தண்ணிய வாயில வெச்சிப் பாருங்க" என்று அவர் கிணற்றைக் காட்டியிருக்கிறார்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தாலும் பூனை விழுந்தாலும் கிணற்றை அடி தெரியுமட்டும் இறைத்தால்தான் சுத்தம். கடல் வந்த பிறகும் அதையே செய்தோம். மெஷின் வைத்து ஊரே இறைத்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். இறைக்க இறைக்க உப்புக் கூடியது. பூமணியக்காவுக்கு மெஷின் தூக்கிவர ஆள் இல்லை. விழுந்த குப்பையை மட்டும் வாரி எடுத்துவிட்டுச் சும்மா விட்டிருந்தார். மழை பெய்யப் பெய்ய, அவருடைய தண்ணீர் மட்டும் வாய்க்கு வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து கந்தோர் விட்டால் அத்தான் கிணறு கிணறாகப் போனார். கயிற்றில் கட்டிய ஒரு போத்தல், ஒரு கொப்பி. தண்ணீரை நாக்கில் வைப்பார், துப்புவார், எழுதுவார். "இறைக்காதீங்க" என்பார். போதாதா ஊருக்கு? கடல் அள்ளிக்கொண்டு வந்த நகை தேடுகிறார் என்றார்கள். யாரோ ஒளித்து வைத்த சாமானுக்குக் காவல் போகிறார் என்றார்கள். தண்ணீர் விற்கும் பவுசர் லொறிக்காரர் சொல்லித்தான் கிணறுகளைத் திருத்தவிடாமல் தடுக்கிறார் என்று ஒரு கதை. அம்மாவின் சந்தேகம் வேறு. "அந்தப் பூமணிட கிணத்தில தண்ணி மட்டும்தானா இனிக்குது?" என்று கேட்டுவிட்டு, என்னை அவருக்குப் பின்னால் அனுப்பினார்.

ஒரு பின்னேரம் சைக்கிளில் தூரத்தே பின்தொடர்ந்து போனேன். பூமணியக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தான் கிணற்றுக் கட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"என்ன மச்சாள், சீ.ஐ.டி. வேலையா? வந்ததுக்கு இந்தக் கயித்தப் பிடிங்க."

பிடித்தேன். "மேல நிக்கிறது மழைத் தண்ணி. கீழ கிடக்கிறது உப்பு. ஒரேயடியா இறைச்சா, கீழ கிடக்கிறது எழும்பி வந்திரும். மேலால கொஞ்சம் கொஞ்சமா அள்ளினாக் காணும்" என்று விளங்கப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வாயாலயே கிணறு வெட்டுறார். நீயும் நம்பிட்டியா புள்ள?" என்றார் அம்மா. இரண்டு நாளில் எனக்கும் சந்தேகம் திரும்பிவிட்டது. இத்தனை நாளாக ஒரு மனிதர் கிணற்றுத் தண்ணீரையா பார்ப்பார்?

அந்தப் பாவத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். அத்தான் கந்தோருக்குப் போன ஒரு நாள், அம்மாவும் நானும் மெஷின் எடுப்பித்து எங்கள் கிணற்றை அடிமட்டும் இறைத்தோம். வெள்ளை மணல் தெரிந்தது. அம்மாவுக்குச் சந்தோசம். மத்தியானத்துக்குள் ஒரு பக்கத்துக் கட்டு சரிந்து உள்ளே விழுந்தது. ஊறி வந்த தண்ணீர் கருவாட்டுத் தண்ணீர் போலக் கரித்தது.

பின்னேரம் அத்தான் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆரு இறைச்சது?"

நான் அம்மாவைக் காட்டினேன், அம்மா என்னைக் காட்டினார். அத்தான் ஒரு சொல் ஏசவில்லை. வாளியைப் போட்டு அள்ளி, நாக்கில் வைத்துத் துப்பினார். "சரி மாமி. இனி இந்தக் கிணத்துக்கு நான் லீவு எடுத்தாத்தான் சரிவரும்" என்றார். எடுத்த லீவு முடியுமுன், வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டார். எங்கள் கிணறு வாய்க்கு வர இரண்டு மாரி போனது.

அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். பென்சனைக் கிணற்றில் போட்டவர் என்ற கோபம் ஒரு பக்கம், இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் மறுபக்கம். ஒரே குசினியில் நின்றுகொண்டு, "கிணத்துக்காரர் சாப்பிட வாறாராமா எண்டு கேளு" என்பார். ஒரு நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, கந்தோருக்குப் போன காலம் இந்த மனிசன் ஒழுங்காச் சாப்பிட்டதும் இல்ல, நித்திரை கொண்டதும் இல்ல. இப்ப ரெண்டும் நடக்குது. எனக்கு இது காணும்."

அக்காவின் தையல் மெஷினும் அத்தானின் கிணறு திருத்தும் கூலியுமாகச் சீவியம் போனது. நாட்டில் சண்டை இறுகிய நாட்களில் அந்தக் கொப்பி அவரை ஒரு ஆமிக் காவலரணில் ஒரு பகல் முழுவதும் இருத்தி வைத்தது. வட்டமும், பெருக்கல் குறி போலப் புள்ளடியுமாக ஊர்ப்படம் கீறி வைத்திருந்தால் யார்தான் நம்புவார்கள்? கிராம சேவகரோடு அக்கா போய் நின்று, வட்டம் நல்ல தண்ணீர், புள்ளடி உப்புத் தண்ணீர் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்.

சண்டை முடிந்து வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் ஆட்கள் திரும்பக் குடியேறியபோது, பாழாய்க் கிடந்த கிணறுகளை எவரும் நம்பவில்லை. உள்ளே என்ன கிடந்ததோ, யார் எதைப் போட்டார்களோ என்ற பயம். கண்ணிவெடி பார்த்து முடித்த வளவுகளுக்கு அத்தான் போவார். சேறு எடுத்து, கட்டுத் திருத்தி, மருந்து போட்டு, போத்தலில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நல்லது என்று விடை வந்த பிறகும் ஆட்கள் விலகித்தான் நிற்பார்கள். "முதல்ல நீங்க குடிங்க" என்பார்கள். அத்தான் ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டு, அவர்கள் கண்முன்னே மத்தியானம் வரை மரநிழலில் இருப்பார். ஒரு வளவில் கிழவர் ஒருவர் கிட்ட வந்து, அவருடைய கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "ஆள் இன்னும் கிடக்கார். அள்ளுங்க புள்ளையள்" என்றாராம். அதைச் சொல்லி வீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உங்களுக்குக் கோபம் வாறல்லையா அத்தான்?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? கந்தோரில நான் அவங்கள நம்பாம இருந்தன். இப்ப அவங்கட முறை."

நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் இருந்த கடைசிக் கிழமையிலும், பக்கத்துக் கட்டில்காரரிடம் அவருடைய கிணறு எத்தனை முழம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அக்காவின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்த அயலவருக்கும், வாவி கடந்து தோணியில் வந்த படுவான்கரை மக்களுக்கும், நடக்க முடியாத வயதிலும் வந்து தலைமாட்டில் இருந்த பூமணியக்காவுக்கும் எங்கள் நன்றி. அவரைச் சந்தேகித்தவர்களுக்கும் நன்றி. உங்களால்தான் ஒரு கிணற்றை மூன்று தரம் பார்த்தார்.

அச்சகத் தம்பிக்கும் ஒரு நன்றி உண்டு. மரண அறிவித்தலில் அத்தானின் பெயருக்குக் கீழே போட "முன்னாள் எழுதுவினைஞர்" என்று உறவினர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மருமகனைப் பற்றி வெளியாட்களிடம் கடைசிவரை "கந்தோரில இருந்தவர்" என்றே சொல்லி வந்த அம்மா, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அத வெட்டு. கிணறு பாக்கிறவர் எண்டு போடு."

"மாமி, சனம் சிரிக்கும்" என்றார் அந்த உறவினர்.

"சிரிக்கிறவன்ட வளவில ஆரு கிணறு திருத்தினது எண்டு கேளு."

அப்படியே எழுதி அனுப்பினோம். சற்று நேரத்தில் அந்தத் தம்பி போன் எடுத்து, பிழையாக எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது, நான் திருத்தவா என்று கேட்டார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நீ அதில கை வைக்காத மனே. அதுதான் என்ர மருமகன்ட உத்தியோகம்."