இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று

பத்து லட்சத்து ஒன்பது பகா எண் என்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொல்லி அசிங்கப்பட்டவன் நான். அந்த எண்மீது எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் என் கூட்டாளிமீதுதான்.

எழுபதுகளின் பிற்பகுதி. காக்களூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருவரும் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தோம். லேத்திலிருந்து வரும் உருப்படிகளைத் தட்டுத் தட்டாக அளந்து டிக் போட வேண்டும். ஒருவன் டிக் போட்ட தட்டை இன்னொருவன் மறுபடி அளக்க மாட்டான். அளந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்பான்.

பி.யூ.சி. கணக்கில் நான் கோட்டை விட்டவன். அதனால் திருவள்ளூர் நூலகத்தின் ஞாயிறு கூட்டத்தில் கணக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுகிறாயா என்று நூலகர் கேட்டபோது தலைகால் புரியவில்லை. பெரிய பகா எண் ஒன்றை நானே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது.

என் எண்ணின் வர்க்கமூலம் ஆயிரத்தைத் துளி தாண்டும். ஆகவே ஆயிரத்துக்குள் இருக்கிற நூற்று அறுபத்தெட்டு பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மீதி வந்தால் அது பகா எண். கூட்டாளியும் நானும் ஆளுக்கு எண்பத்து நான்கு என்று பிரித்துக்கொண்டோம். பாவம் என்று சின்ன எண்களை அவனுக்குக் கொடுத்தேன். பெரியவற்றை நான் இரண்டிரண்டு முறை வகுத்தேன். நாலாம் நாள் அவன் காகிதம் வந்தது. எண், பக்கத்தில் டிக், அவ்வளவுதான். வகுத்த கணக்கு எங்கே என்று நான் கேட்கவில்லை.

கூட்டத்தில் பேசி முடித்து உட்காரப் போனேன். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தார்.

"சார், இருநூத்தித் தொண்ணூத்தி மூணுல போவுது போல இருக்கே?"

கரும்பலகையில் வகுத்தேன். ஒன்றாவது மிஞ்சாதா என்று ஒவ்வோர் இலக்கமாகக் கழித்தேன். எண்ணூற்று எழுபத்தொன்பதில் எண்ணூற்று எழுபத்தொன்பது கழிந்து பூஜ்யம் நின்றது. அது அவன் பங்கு எண். திரும்பி அவனைப் பார்த்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற? கணக்கு போட்டது நீ. நா பேப்பர் வாங்கிக்கினு வந்து குடுத்தேன், அவ்ளோதான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள்.

வாசலில் அவனை மடக்கினேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்:

"பத்துக்கு ஒண்ணு பாத்தேன்பா. கம்பெனில அப்டித்தான பாக்குறோம்? ஒண்ணு சரியா இருந்தா மொத்த தட்டும் ஓகே."

எண்கள் ஒரே லேத்தில் கடைந்த உருப்படிகள் என்று நினைத்துவிட்டான். அந்த முட்டாள்தனத்தைக்கூட மன்னித்திருப்பேன்.

"சரி, உள்ள ஏன் அப்டி சொன்ன?"

"அந்தக் கூட்டத்துல நம்ம சூப்பர்வைசர் குந்திக்கினு இருந்தாரு, பாக்கல? நாளைக்கு என் டிக்க அவரு நம்ப வேணாமா? உனக்கு இன்னா, சிரிச்சிட்டு மறந்துடுவாங்க."