ஒரு தடவை செத்தால் போதும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு அலறல் அக்கா என்று பெயர். ராட்சத மிருகப் படம் வேறு மொழியிலிருந்து வந்தாலும் சரி, உள்ளூரில் யாராவது வீட்டை விற்று எடுத்தாலும் சரி, அதில் சாகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தொண்டை. பிழைத்துக்கொள்கிற கதாநாயகிக்கு வேறொருத்தி இருந்தாள். அந்த அம்மாளுக்கு மெத்தை வைத்த நாற்காலியும் உண்டு.

இத்தனை சாவுகளையும் பார்த்ததில் அக்காவுக்கு மிஞ்சியது அருவருப்பு ஒன்றுதான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பத்துக்கு இத்தனை என்று மார்க் சொல்லுவாள். ஒரு படத்தில் ராட்சத நண்டு போலீஸ்காரர் ஒருவரை இடுப்போடு நறுக்கியது. மேல்பாதி ஆள் நிதானமாக மனைவிக்கு போன் போட்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று சொல்லிவிட்டுச் செத்தார். “அரை ஆளுக்கு அரை மார்க்,” என்றாள். இன்னொன்றில் பறக்கும் தவளை ஒரு டீச்சரை விழுங்க, அந்த டீச்சர் தவளையின் வாயிலிருந்து கையை நீட்டி டாட்டா காட்டினாள். “தூ! இதுக்கு நான் தொண்டையைக் கிழிச்சுக்கணுமா? பூஜ்யம்.” ஐந்தைத் தாண்டி அவளிடம் யாரும் வாங்கியதில்லை.

அவளுடைய தம்பி சுண்டு சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றே காதோரம் நரைத்தவன். அவனுக்கு இப்போதுதான் ஒரு வேடம் கிடைத்திருந்தது. வசனம் உண்டு, மனைவி உண்டு, ராட்சத அட்டைப்பூச்சி கடித்துச் சாவும் உண்டு. அக்காவின் புருஷன் டயர் கடையில் அவனுக்காக ஓர் இடம் வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. சுண்டுவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். “அக்கா, என் சாவுக்கு நீ அஞ்சுக்குக் கீழ போட்டா நடிப்புக்கு ஒரு கும்பிடு. மறுநாளே மாமா கடையில உக்காந்துடறேன்.”

அவளுக்கு வேறென்ன வேண்டும்? பூஜ்யத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வேலைக்கு வந்தாள்.

அவன் சாகும்போது மனைவியாக நடித்தவள் ‘என்னங்க!’ என்று அலறுகிறாள். அந்த அலறல் அக்காவுடையது. “கூடப் பொறந்தவனை என்னங்கன்னு கூப்பிடறதா? குமட்டுது,” என்றாள்.

“வாயசைவு அப்படி இருக்கேக்கா, நான் என்ன பண்றது?” என்றார் ஒலிப்பதிவாளர்.

அவள் கண்ணாடி அறைக்குள் போய் மைக்கின் முன் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளரின் தோளுக்குப் பின்னால் சுண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். படம் ஓடியது. அட்டை என்பது கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய மெத்தை. வயிற்றில் ஜிப் தெரிந்தது. அது சுண்டுவின் நெஞ்சில் ஏறிப் படுக்க, ஓரமெல்லாம் சிவப்பாகப் பாகு வழிந்தது. அவன் கண்ணை உருட்டினான், நாக்கைத் தள்ளினான். பூஜ்யம்தான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவன் கை தரையில் எதையோ தேடித் துழாவி, பாதியில் நின்றது. மூச்சு ஏறியது. இறங்கவில்லை.

“டேய் சுண்டு!” என்று கத்திவிட்டாள்.

படம் நின்றது. ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அக்கா, பொண்டாட்டி போய் புருஷனை டேய்ங்கலாமா?”

சுண்டு சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே பயந்துவிட்டாள். ஒரு மெத்தையைப் பார்த்துப் பயந்ததில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. “மிச்சத்தை ஓட்டுங்க,” என்றாள்.

மிச்சத்தில், செத்தவன் எழுந்து உட்கார்ந்தான். அட்டையைப் போர்வை மாதிரி ஒதுக்கிவிட்டு மனைவிக்கு உலக நன்மையைப் பற்றிப் பேசினான். செத்தான். மறுபடி ஒற்றைக் கண்ணைத் திறந்து, “பின்னாடி பாரு!” என்று எச்சரித்துவிட்டு இன்னொரு முறை செத்தான்.

“கண்றாவி!” என்று ஹெட்போனைக் கழற்றினாள்.

சுண்டு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். “எவ்வளவுக்கா?”

“மொதல்ல செத்ததுக்கு எட்டு. எழுந்து உக்காந்து அளந்தியே, அதுக்குப் பூஜ்யம்.”

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “சராசரி நாலு. அப்ப டயர் கடைதான்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நினைத்து வந்தது நடந்துவிடும். அவள் அதைச் சொல்லாமல் அவன்மேல் பாய்ந்தாள்.

“ஒன்னை யாருடா சராசரி போடச் சொன்னா? எழுந்து பேசச் சொன்னது யாரு?”

“டைரக்டர்தான். ஒரு சாவு பத்தாதுன்னார்.”

“இனிமே எவன் கேட்டாலும் ஒரு தடவைதான் சாவேன்னு சொல்லு. அதுக்கு மேல என்னால பாக்க முடியாது.” வெந்நீரைக் குடித்தாள்.

“மறுபடி எடுக்கலாமாக்கா? அந்த ‘என்னங்க’ வேணுமே,” என்று ஒலிப்பதிவாளர் அந்தப் பக்கமிருந்து கேட்டார். திரையில் சுண்டு திரும்பவும் சாகத் தயாராக நின்றான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தம்பியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், தன் கண்ணில் படுகிற மாதிரி நிற்கச் சொன்னாள்.