ஒரே தலையில் ஆறு மொட்டை

நான்கு வருஷத்தில் ஆறு மொட்டை போட்டவள் நான். எங்கள் ஊர் நகரியிலிருந்து திருப்பதி மலை பக்கம் என்பதால் இந்தச் சௌகரியம். தூரத்து ஊர்க்காரியாக இருந்திருந்தால் இரண்டோடு நின்றிருக்கும்.

பக்தி என்று ஊர் நினைத்தது. பக்தியாவது மண்ணாவது, பயம். ஒரு மத்தியானம் கரண்டு போய், எங்கள் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. கை மரத்தது, மூச்சு முட்டியது, செத்தேன் என்று நினைத்தேன். "பெருமாளே, முடி கொடுக்கிறேன்" என்றேன். பத்து நிமிஷத்தில் சரியானது. அப்புறம் வந்தபோதெல்லாம் அதே வேண்டுதல், அதே பத்து நிமிஷம். வேண்டுதல் குவிந்த வேகத்துக்குத்தான் முடி வளரவில்லை.

கொழுந்தனார் எல்லாம் தெரிந்தவர். "அதெல்லாம் கேஸு அண்ணி, சோடா குட்ச்சா போய்டும்." வெட்கங்கெட்டு அந்தச் சோடாவையும் குடித்தேன்.

மகளுக்கு வரன் முடிவானபோது, சம்பந்தியம்மா என் தலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ட்ரீட்மெண்ட் எதனா நடந்துக்கினு இருக்குதாங்க?" புற்றுநோய் என்று நினைத்துவிட்டார். ஆமாம் என்றிருந்தால் மரியாதையாவது கிடைத்திருக்கும். பயம் என்றால் சிரிப்பார்கள். வேண்டுதல் என்றேன்.

அவர்கள் போனதும் மகள் அழுதாள். "என் கல்யாணத்துலயாவது முடியோட நில்லுமா." அவளே என்னைத் திருப்பதிக்கு, மனசுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

கவுன்சிலர் என் மகள் வயசுப் பெண். தெலுங்குக்காரி, எனக்காகத் தமிழில் பேசினாள். "வேண்டிக்காம ஒரு தடவையாவது பத்து நிமிஷம் உக்காந்து பாத்தீங்களாம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருமாளோடு போட்டிக்கு வந்துவிட்டாளா இவள்?

"சாமி வேணாம்னு சொல்லலம்மா. அது தானாவே அடங்கும். நீங்க பேரம் பேசப் பேச, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா வரும்." மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி கடிகாரத்தை மட்டும் பார்க்கச் சொன்னாள்.

முதல் சோதனை ஊர் திரும்பும் பஸ்ஸில், வடமாலபேட்டை தாண்டியதும் வந்தது. மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தேன். நாலாவதில், மொட்டை வேண்டாம், மூன்று கொத்து கத்தரித்துப் பூமுடி மட்டும் தருகிறேன் என்று பேரத்தைக் குறைத்தேன். அதையும் இன்னும் செலுத்தவில்லை. மறுபடி போய் இதைச் சொன்னபோது கவுன்சிலர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தடவை ஏழு நிமிஷம். அதற்கடுத்து முழுசாகப் பன்னிரண்டு நிமிஷம் ஒன்றும் வேண்டாமல் உட்கார்ந்திருந்தேன். சாகவில்லை. சந்தோஷம் வருவதற்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. தானாகப் போகிற சனியனுக்கா ஆறு மொட்டை?

கல்யாணத்தன்று, மணமேடையில் கெட்டிமேளம் கொட்டப்போகும் நேரம் பார்த்து வந்தது அது. கை மரத்தது. "முடி" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா பதறினார். "இன்னாங்க, முகூர்த்தம் முடியப்போவுதா?"

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குதுங்க" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை.

தாலி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அது கூடத்தில் மாட்டியிருக்கிறது. பூ நிற்காத மூன்று விரல் முடி, தேங்காய் நார்போலச் சிலிர்த்துக்கொண்டு. அசிங்கமாகத்தான் இருக்கிறேன். இருக்கட்டும், அதில் ஒரு மயிரைக்கூடப் பயத்துக்குக் கொடுக்கவில்லை.